பின்பக்கம் தொங்கிய வீடு

ஆல்வினா லைக்கர் தன் வீட்டு முற்றத்தில் ஒரு ஜூன் மாதத்தைக்கூடப் பார்த்ததில்லை. மேற்குக் கான்சஸில், ஹேஸ் நகரத்திலிருந்து பதினாறு மைல் தள்ளியிருந்த அந்த வீட்டுக்கு அவள் மருமகளாக வந்தது 1958-இல். வந்த மூன்றாம் வாரமே டெக்சஸுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். லைக்கர் குடும்பம் கூலிக்கு அறுத்துக் கொடுக்கும் குடும்பம். மே நடுவில் அறுவடை இயந்திரங்களை லாரிகளில் ஏற்றித் தெற்கே போவார்கள். கோதுமை அங்கேதான் முதலில் பழுக்கும். பிறகு பழுக்கப் பழுக்க வடக்கே நகர்ந்து, பதினைந்து ஊர்களில் பிறத்தியார் வயலை அறுத்துக் கொடுத்துவிட்டு, கனடா எல்லையில் செப்டம்பர் குளிர் முகத்தில் அடிக்கும்போது வீடு திரும்புவார்கள்.

அத்தனை ஊர்களிலும் ஆல்வினாவின் வீடு என்பது முப்பதடி நீள டிரெய்லர் வீடுதான். இப்போதிருப்பது 1975-இல் வாங்கியது. அதைப் பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி அவளே ஓட்டிப் போவாள். பின்கோடியில் சமையலறை. அடுப்பு, பாத்திரத் தொட்டி, பாதி மாட்டின் இறைச்சி கொள்ளும் ஃப்ரீசர் எல்லாம் அங்கே. எட்டு ஆட்களுக்கு மூன்று வேளைச் சமையல். மதியச் சாப்பாட்டை வயலுக்கே கொண்டுபோய், இயந்திரம் நிற்கும் ஐந்து நிமிடத்தில் ஆளுக்கொரு தட்டைக் கையில் கொடுத்துவிட்டு வருவாள். முப்பத்தெட்டு கோடையில் எந்த மதியமும் எந்த ஆளும் பட்டினி கிடந்ததில்லை. ஓக்லஹோமாவில் சூறாவளி வந்த அன்று மட்டும் இருபது நிமிடம் தாமதம். யாரும் கேட்காமலேயே அதையும் அவள் சொல்லிவிடுவாள்.

1995 நவம்பரில் அவள் கணவர் இசிடோர் இறந்தார். குளிர்காலம் முழுக்க அவள் அதிகம் பேசவில்லை. கோயிலுக்குப் போனாள், வந்தாள். பொழுது போகாத நாட்களில் அறுவடைக் கணக்கில் எண்பது பேருக்கு ஆகிற அளவு பைராக் செய்து அடுக்கினாள். கோசும் மாட்டிறைச்சியும் அடைத்துச் சுடுகிற அந்த ரொட்டி அக்கம்பக்கத்து ஃப்ரீசர்களையெல்லாம் நிரப்பியது. ஏப்ரல் வந்ததும் அவளுக்கு உயிர் வந்தது. டிரெய்லரைத் துடைக்க இயந்திரக் கொட்டகைக்குப் போனாள்.

மகன் கேலன் பின்னாலேயே வந்தான். அப்பாவுக்குப் பிறகு குழு அவன் பொறுப்பு. உள்ளே ஏறித் தொட்டிக்கு முன்னால் நின்றான். வலது கால் கணுக்கால் வரை தரைக்குள் இறங்கியது.

“என்னம்மா இது, தரையா, ஊறின ரொட்டியா?”

“நீ தடிச்சுப் போயிருக்கே. உங்கப்பாவும் நானும் நின்னப்ப இறங்கலையே.”

அவன் காலை உருவிக்கொண்டு, மண்டியிட்டு, விரலால் பலகையைக் குத்தினான். விரல் போயிற்று. எழுந்தபோது அவன் முகம் தீர்மானித்த முகமாக இருந்தது.

“இந்த வருஷம் இது வேண்டாம்மா. ஆளுங்க அந்தந்த ஊர்ல ஓட்டல்ல சாப்பிட்டுக்கட்டும். நீ வீட்ல இரு. முப்பத்தெட்டு வருஷம் போதாதா?”

“உங்கப்பா செத்தாருன்னா நானும் சேந்து உக்காந்துடணுமா?”

“அதில்லம்மா. அறுபது மைல் வேகத்துல இது பிச்சுக்கிட்டு வந்தா யாரு செத்தான்னு தேட வேண்டியிருக்கும். ஓட்டறது நீ.”

அவன் சொல்வது பயத்தில் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து, ஆட்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று தொலைபேசிக்குக் காத்திருக்கும் ஒரு கோடையை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

“என்னிக்குக் கிளம்பறே?”

“மே பதினாலு.”

“அதுக்குள்ள இதைச் சரி பண்ணிட்டா?”

“நான் இழுத்துப் பாப்பேன். கதவு ஒழுங்கா மூடணும், தரை அசையக் கூடாது. சரியா இருந்தா வா. இல்லேன்னா வர்றேன்னு பேசக் கூடாது.”

“சரி. நீயும் பேச்சு மாறக் கூடாது.”

அன்று மதியமே அவள் தரையைப் பிரிக்க ஆரம்பித்தாள். பின் ஜன்னல் ஓரமாக மழை ஒழுகி, சுவருக்குள் இறங்கி, பலகையைக் கரும்புள்ளியாக அரித்திருந்தது. கீழிருந்த மரச்சட்டங்கள் கையால் பிடுங்கினால் நாராக வந்தன. ஃப்ரீசரைத் தனியாளாக உருளைக்குழாய்கள் மேல் தள்ளி வெளியேற்றினாள். புது மரம் அறுத்தாள், புது பிளைவுட் இறக்கினாள், ஜன்னலைக் கழற்றிப் பசை வைத்து மாட்டினாள்.

தினமும் பதினோரு மணிக்கு லைனஸ் டிரைலிங் வந்துவிடுவார். இசிடோரின் பெரியம்மா மகன். தானியக் கிடங்கில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆல்வினாவும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். வந்ததும் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

“ஆணி கோணலா போகுது.”

“திங்க வந்தியா, வேலை பாக்க வந்தியா?”

“திங்கறதுக்கு முன்னாடி பாக்கறேன். பைராக்ல வெங்காயம் கம்மியா போட்டுருக்கே, வாசம் வரல.”

“துக்க வீட்டுல வந்து வெங்காயம் பத்தி பேசறவன் நீ ஒருத்தன்தான்.”

“இது துக்க வீடா? தச்சன் பட்டறை மாதிரியில்ல இருக்கு!”

அவள் சிரித்துவிட்டாள். நவம்பருக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

மூன்று வாரத்தில் தரை முடிந்தது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தாள். குமிழி நட்டநடுவில் நின்றது. தரையில் குதித்தாள், ஒரு முனகல் இல்லை. மே ஐந்தாம் தேதி ஞாயிறு, பூசை முடிந்த கையோடு கேலனையும் லைனஸையும் கூப்பிட்டாள். தேவாலயத்துக்கு உடுத்திய நீல உடையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ராணி மாதிரி அடுப்புப் பக்கத்தில் நின்றாள்.

கேலன் பிக்கப்பைப் பின்னுக்குக் கொண்டுவந்து கொக்கியில் மாட்டினான். டிரெய்லரின் நான்கு மூலையிலும் இறக்கிவிட்டிருந்த ஜாக்கிகளை ஒவ்வொன்றாகச் சுற்றி மேலே ஏற்றினான். கடைசி மூலை ஜாக்கி தரையை விட்டதும் வண்டியின் வயிற்றிலிருந்து நீளமாக ஒரு முனகல் கிளம்பியது. பின்பக்கம் இரண்டு அங்குலம் கீழே இறங்கி நின்றது. புதுப் பலகைகளின் நடுவே ஒரு விரல் அகலத்துக்குப் பிளவு வாய் திறந்தது. திருகாணிகள் கிறீச்சிட்டன.

ஆல்வினா கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. தோளால் மோதினாள். ம்ஹூம்.

கடைசியில் ஜன்னல் வழியாகத்தான் அவளை இறக்க வேண்டியிருந்தது. உள்ளேயிருந்து அவள் காலை நீட்ட, வெளியே மகன் ஒரு காலையும் லைனஸ் ஒரு காலையும் பிடித்தார்கள்.

“மெதுவாடா! உடுப்பு கிழியுது!”

“கண்ண மூடிக்கிட்டுத்தான் புடிச்சிருக்கேன் ஆல்வினா, பயப்படாதே,” என்றார் லைனஸ்.

“கண்ண மூடிக்கிட்டு எங்க புடிக்கறே நீ?”

கேலன் சிரிக்கவில்லை. தரையில் நிறுத்தியபின் அம்மாவின் தோளில் கை வைத்து, “விடும்மா,” என்றான். அவ்வளவுதான். போய்விட்டான்.

அவளும் வீட்டுக்குள் போய்விட்டாள். அன்று மதியம் அடுப்புப் பற்றவில்லை.

திங்கள் காலை கொட்டகையிலிருந்து லைனஸின் குரல் கேட்டது. போய்ப் பார்த்தால் அவர் டிரெய்லர் கதவைக் கீலோடு கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

“ஆல்வினா, இதை வாங்கறப்போ இந்தக் கதவு எவ்வளவு உயரம்?”

“எனக்கென்ன தெரியும்? கதவு உயரம்.”

“மேல் விளிம்பைப் பாரு. ஒரு பக்கம் முக்கால் அங்குலம் இழைச்சிருக்கு. கீழயும் இழைச்சிருக்கு. முடி வெட்டற மாதிரி எவனோ வெட்டியிருக்கான்.”

“அது இசிடோர். சில ஊர்ல போய் எறங்கினா கதவு மாட்டிக்கும். கைல இழைப்புளி வெச்சிருப்பாரு. ரெண்டு இழை இழைச்சா சரியாயிடும்.”

“வேற என்ன பண்ணுவான் போய் எறங்கினதும்?”

அவள் நினைத்துப் பார்த்தாள். நினைக்க வேண்டியதே இல்லை. எத்தனையோ தடவை பார்த்தது. “லாரில இருந்து மெஷினை எறக்கறதுக்கு முன்னாடி இதைத்தான் பாப்பாரு. என் அடுப்பு மேல ரசமட்டத்தை வெச்சுட்டு, வெளிய போய் மூலை ஜாக்கியைச் சுத்துவாரு. ‘போதுமா, போதுமா’ன்னு கத்துவாரு. குமிழி நடுவுல வந்துச்சுன்னு நான் சொல்ற வரைக்கும் சுத்துவாரு. ஆளுங்களுக்குப் பொறந்த நாள் வரும்ல, கேக் ஒரு பக்கம் சாஞ்சு வேகக் கூடாதுன்னு.”

லைனஸ் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“அந்த ஜாக்கி வண்டி ஆடாம இருக்கத்தான், ஆல்வினா. வண்டியத் தூக்கறதுக்கில்ல. அறுவடைக்காரங்க எல்லாருமே இதைப் பண்றீங்க. நின்ன எடத்துல ஜாக்கி பின்பக்கத்தை மேல தள்ளும். ரோட்டுல போறப்போ அரை மாடு கனத்துல கீழ தொங்கும். வருஷத்துக்குப் பதினஞ்சு ஊரு, இருபத்தொரு வருஷம். ஒரு கம்பியை இப்படி மடக்கி அப்படி மடக்கினா என்ன ஆகும்?”

அவள் புதுத் தரை போட்டதும் அதே ஜாக்கிகள் மேல் நிறுத்தி வைத்துத்தான். குமிழி நடுவில் நின்றது ஏன் என்று இப்போது புரிந்தது. நின்ற இடத்தில் அந்த வண்டி எப்போதுமே நேர்தான்.

இருவரும் அடியில் படுத்துப் பார்த்தார்கள். நீளவாட்டில் ஓடும் இரண்டு இரும்புச் சட்டங்களிலும், பின்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், துருக்கோடு ஒன்று மேல்நோக்கி ஏறியது. விரிசல் மேல் விளிம்பில். அதைத் தொட வேண்டுமானால் மேலேயிருந்துதான் தொட வேண்டும்.

“மேல உன் தரை இருக்கு,” என்றார் லைனஸ்.

“தெரியுது.”

“நல்லா போட்டிருக்கே வேற.”

“வாயை மூடு.”

அவள் எழுந்து போய் அறுக்கும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். இசிடோர் மேல் கோபம் வந்தது. இருபத்தொரு வருடம் ஜாக்கியைச் சுற்றி வண்டியின் முதுகை ஒடித்திருக்கிறார், அதுவும் அவள் சுடும் கேக்குக்காக! யாரிடம் போய்க் கத்துவது? கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் மூன்று வாரம் பாடுபட்டுப் போட்ட தரையின் நடுவில் கத்தியை இறக்கினாள். மதியத்துக்குள் தொட்டி முன்னாலிருந்து பின்சுவர் வரை திறந்து கிடந்தது. எட்டு நாள் இருந்தது.

முதலில் நூல் கட்டினார்கள். முன் கொக்கியிலிருந்து சக்கரம் வரை சட்டத்தை ஒட்டி நேராக வந்த நூல், அதற்கப்பால் சட்டத்தை விட்டு விலகியது. பின்கோடியில் இரண்டு அங்குல இடைவெளி. கொட்டகைக்குப் பின்னால் ரயில் கட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அவற்றைச் சட்டத்தின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே அறுவடை இயந்திரத்தைத் தூக்கும் இரண்டு பெரிய ஜாக்கிகளை வைத்தார்கள். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர்.

“கால் சுத்து,” என்பார் லைனஸ். இருவரும் கால் சுற்று. நிறுத்துவார்கள். சுவர்கள் முனகி அடங்கும். “இன்னொரு கால்.” ஒரு தடவை சுவருக்குள் ஏதோ துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம் கேட்டது. இருவரும் உறைந்துபோனார்கள். பழைய திருகாணி ஒன்று தெறித்திருந்தது, அவ்வளவே. நூல் சட்டத்தைத் தொட மூன்று மணி நேரம் பிடித்தது. லைனஸ் அதற்கும் மேலே அரை அங்குலம் தூக்கச் சொன்னார்.

“எதுக்கு?”

“ஜாக்கியை எடுத்தா கொஞ்சம் எறங்கும். இரும்புக்குப் பழைய புத்தி போகாது. உன் புருஷன் வம்சம்.”

விரிசலைக் கிரைண்டரால் அகலமாகத் தோண்டி, உருக்கி நிரப்பினார். இருபுறமும் தகடு வைத்தார். பிறகு இரண்டு சட்டங்களுக்கும் அடியில், முன்சக்கரத்திலிருந்து பின்கோடி வரை, ‘ப’ வடிவத்தில் தடித்த இரும்புச் சேனல் வைத்து ஒட்டினார். வேலியோரப் புல்லில் கிடந்த பழைய தானிய ஏற்றியின் வண்டியிலிருந்து அதை அறுத்து எடுத்தவள் ஆல்வினா. அவர் வெல்டிங் வைக்கும்போது மரம் பற்றாமல் இருக்க ஈரச் சாக்கு போர்த்தி, கையில் தண்ணீர்க் குழாயோடு நிற்பதும் அவள் வேலை. மூன்றாம் நாள் சுவருக்குள்ளிருந்த பஞ்சு புகைந்தது. அவள் குழாயைத் திறந்தாள். புகை அடங்கிய பிறகும் மூடவில்லை.

“ஏய்! ஏய்! என்னைக் குளிப்பாட்டச் சொன்னேனா?”

“சனிக்கிழமைக்கு சனிக்கிழமை குளிக்கறவனுக்கு நடுவுல ஒண்ணு.”

“வெல்டிங் மெஷின் கரண்ட்ல ஓடுது பொம்பள! என்னையும் இசிடோர்கிட்ட அனுப்பப் பாக்கறியா?”

அவள் பதறிக் குழாயை மூடினாள். லைனஸ் சொட்டச் சொட்ட எழுந்து நின்று, அவளைப் பார்த்து, முதலில் சிரித்தார். பிறகு அவளும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பெரிய ஜாக்கிகளை இருவரும் கால் கால் சுற்றாக இறக்கினார்கள். சட்டம் கால் அங்குலம் இறங்கியது. இன்னும் கொஞ்சம் இறங்கி, நூலை ஒட்டி நின்றது. அங்கேயே நின்றது. ஆல்வினா மறுபடி தரை போட்டாள். இந்தத் தடவை சுவரடி மரத்தைச் சட்டத்தோடு சேர்த்து நீண்ட போல்ட்டுகளால் முடுக்கினாள். முன்பு மூன்று வாரம் எடுத்த வேலை நான்கு நாளில் முடிந்தது. கதவு தலைப்பக்கம் புது மரத்துண்டு ஒட்டி உயரத்தைத் திரும்பப் பெற்றது.

மிச்சமிருந்தது ஃப்ரீசர். மறுபடி பின்கோடியில் வைத்தால் மறுபடி அதே கதை. சக்கரத்துக்கு நேர் மேலே இடம் இருந்தது. ஆனால் அங்கே ஒரு சோபா போட்டிருந்தது. மதிய வெயிலில் இசிடோர் பதினைந்து நிமிடம் படுப்பது அதில்தான். அவர் தலை பட்ட இடத்தில் துணி பளபளத்துப் போயிருந்தது. ஆல்வினா அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். பிறகு திருப்புளியை எடுத்து நான்கு காலையும் கழற்றினாள்.

“நான் ஒரு கை புடிக்கவா?” என்று லைனஸ் வாசலில் நின்று கேட்டார்.

“புடி.”

இருவருமாக வெளியே கொண்டுபோய் வைத்தார்கள்.

பதின்மூன்றாம் தேதி திங்கள் மாலை கேலன் வந்தான். ஃப்ரீசரை இறைச்சியால் நிரப்பச் சொன்னான், தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பச் சொன்னான். அடுப்புக்கு முன்னால் தரையில் இரண்டு மூட்டை விதைக் கோதுமையைப் போட்டான். மூலை ஜாக்கிகளை மேலே ஏற்றினான். ஒரு சத்தமும் இல்லை. பிக்கப்பில் ஏறும்போது, “நீயும் வாம்மா,” என்றான்.

வரப்பு வரப்பாகத் திரைந்து கிடந்த மண் ரோட்டில் ஆறு மைல் ஓட்டினான். ரயில் தண்டவாளத்தை வேகம் குறைக்காமல் கடந்தான். போகும்போது ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவை. ஆல்வினா முன்னால் பார்த்தபடி, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் பாத்திரங்கள் உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

“பாத்திரத்தைக் கட்டி வெக்கலையா?”

“நாளைக்குக் கட்டுவேன். இன்னிக்கு அது உன் பரீட்சைக்கு.”

கொட்டகைக்கு முன்னால் நிறுத்தி, கேலன் இறங்கிப் போய்க் கதவின் கைப்பிடியைத் திருகினான். திறந்தது. ஒரு விரலால் தள்ளினான், மூடிக்கொண்டது. மறுபடி திறந்தான், மறுபடி மூடினான். உள்ளே போய் மூட்டைகளைச் சுற்றி மிதித்தான். பிறகு நூலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தான். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. அவன் செருப்புக் கால்கள் மட்டும் தெரிந்தன. கொட்டகை வாசலில் காத்திருந்த லைனஸ் வாயைத் திறக்கப் போனார்; ஆல்வினா கை காட்டி அடக்கினாள்.

வெளியே வந்தவன் முகமெல்லாம் மண். மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

“மொதல் நாள் மத்தியானம் என்ன சமையல்?”

“நீ என்ன கேக்கறே?”

“அந்த பீன்ஸ் சூப்பு. மாவு உருண்டை போட்டு.”

“வயல்ல சூப்பை எப்படிடா குடிப்பே?”

“அது உன் பாடு. சமையல்காரி நீதானே.”

லைனஸ் தொப்பியைக் கழற்றி ஆகாயத்தில் எறிந்தார். அது கொட்டகைக் கூரை மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் விடியற்காலை வரிசை கிளம்பியது. இயந்திரங்கள் ஏற்றிய நான்கு லாரிகள், தளவாட வண்டிகள், அவற்றின் கடைசியில் ஆல்வினா. நெடுஞ்சாலையில் அறுபது மைல் வேகம் தொட்டபோது கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். டிரெய்லரின் கூரை அடிவானத்துக்கு இணையாக, ஒரு கோடு இழுத்த மாதிரி வந்துகொண்டிருந்தது. ஆட்டமில்லை, வால் தொங்கவில்லை. அவள் ரேடியோவைப் போட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினாள். பாடத் தெரியாது என்பதால் சத்தமாகவே பாடினாள்.

ஓக்லஹோமாவில் ஒரு பெரிய பெட்ரோல் நிலையத்தில் எல்லா வண்டிகளும் எரிபொருள் போட நின்றன. வேறு இரண்டு அறுவடைக் குழுக்களும் அங்கே நின்றிருந்தன. ஆல்வினா காப்பி வாங்கிக்கொண்டு வந்தபோது, வெள்ளைக் கால்சட்டை போட்ட ஒரு பெண் அவளுடைய டிரெய்லரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். நெப்ராஸ்காக் குழு ஒன்றின் சமையல்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும்.

“அம்மா, இது என் வண்டி மாடல்தான். இதே வருஷம். எப்படி இவ்வளவு நேரா நிக்குது? யாரு செஞ்சு குடுத்தாங்க?”

“வெல்டிங் வெச்சது லைனஸ்னு ஒருத்தன். மத்ததெல்லாம் நான்.”

“விளையாடாதீங்க.”

“உன்னோடது எங்க நிக்குது?”

அந்தப் பெண் கை காட்டினாள். இரண்டு வரிசை தள்ளி நின்ற டிரெய்லரின் பின்பக்கம் பார்க்கும்போதே தெரியும்படி தொங்கிக்கொண்டிருந்தது. ஆல்வினா காப்பியை அதன் படியில் வைத்துவிட்டு நேராகப் பின்சக்கரத்துக்குப் போனாள்.

“உன் வீட்டுக்காரர் மூலை ஜாக்கியை வெச்சு மட்டம் பாப்பாரா?”

“ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“டார்ச் இருக்கா? கொண்டா.”

பயணத்துக்கென்று துவைத்துத் தேய்த்துப் போட்ட உடையோடு அவள் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்து, தோளால் உந்தி உந்தி உள்ளே போனாள். அந்தப் பெண் ஒரு கணம் தன் வெள்ளைக் கால்சட்டையைக் குனிந்து பார்த்தாள். பிறகு அவளும் படுத்தாள்.

“இங்க பாரு. இந்தத் துருக்கோடு மேல ஏறுதில்ல, இதுதான். தரையைத் தொடாதே. தரைல கை வெச்சே, என்னை மாதிரி ரெண்டு தடவை போடுவே. மொதல்ல நூல் கட்டணும்...”

தொலைவில் லாரிகள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. கேலன் ஓட்டமும் நடையுமாக வந்து, வண்டிக்கு வெளியே நீட்டியிருந்த இரண்டு ஜோடிக் கால்களில் எது அம்மா என்று பார்த்துக் குனிந்தான்.

“அம்மா! எல்லாரும் கிளம்பி நிக்கறோம்.”

“நிக்கட்டும்,” என்றாள் ஆல்வினா உள்ளேயிருந்து. “எனக்குப் பத்து நிமிஷம் வேலை இருக்கு.”